நாகர்கோவிலில் இரண்டு தபால்கள் ஓடிய காலம்

நான் சேர்ப்பது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் அஞ்சல் தலைகள். அதிலும் முழு சமஸ்தானம் கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, அப்புறம் மலைக்கு இந்தப் பக்கம் தனியாகக் கிடந்த செங்கோட்டை. 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தோடு போகாமல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பகுதிகள் இவை. இந்த ஊர்களில் முத்திரை குத்தப்பட்ட தலை, கார்டு, உறை இருந்தால் வாங்குவேன். மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் கை வைப்பதில்லை.

இதைக் கேட்டதும் ஸ்டாம்ப் சேர்ப்பவர்களே கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். 1854-ல் அச்சான நாலணா ஸ்டாம்பில் விக்டோரியா ராணியின் தலை கவிழ்ந்து விழுந்த பிழை, 1852-ல் சிந்து மாகாணத்தில் வெளிவந்த சிந்த் டாக் என்று பெரிய பெயர்கள் இருக்கும்போது, குழித்துறை முத்திரை விழுந்த ஒரு அழுக்குக் கார்டுக்கு என்ன மரியாதை? ஆனால் அந்தப் பெரிய பெயர்களைப் பற்றித் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி தெரிந்தாகிவிட்டது. நூறு வருஷத்துக்கும் மேலாகப் பணமும் மூளையும் உள்ளவர்கள் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கார்டை அப்படி யாரும் பார்க்கவில்லை. சம்பளத்தில் வாழ்கிறவன் ஆராய்ச்சி என்று எதையாவது செய்ய வேண்டுமென்றால், கூட்டம் இல்லாத சின்ன வயலாகப் பார்த்து இறங்குவதுதான் வழி. பிறந்த ஊரே அப்படி அமைந்தால் இன்னும் வசதி. ஊர்ப் பெயர், சாதிப் பெயர், கடைப் பெயர், கையெழுத்துச் சுருக்கம் எல்லாம் நமக்குத் தெரியும். லண்டனில் இருக்கும் நிபுணருக்கு அது பாடம். நமக்கு அது பேச்சு.

திருவிதாங்கூர் அஞ்சலைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அஞ்சல் என்றால் இங்கே சமஸ்தானம் தானே நடத்திய தபால். அரசின் ஓலைகளையும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு வேண்டிய பொருள்களையும் கொண்டுபோக ஏற்பட்ட ஓட்டம் இது என்பார்கள். அதற்காகச் சலங்கை கட்டிய கோலோடு ஆட்கள் ஓடினார்கள். தலைநகரம் 1795 வரை கல்குளத்தில் உள்ள பத்மநாபபுரத்தில்தான் இருந்தது என்பதால் இந்தத் தென்பகுதி அதில் ஒரு மூலை அல்ல, நடுக்கூடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பொதுமக்கள் கடிதமும் இதில் போக ஆரம்பித்தது. 1888 அக்டோபர் 16 அன்று முதல் தலைகள் வந்தன: 1, 2, 4 சக்கரம். நடுவில் சங்கு. கடைசியில் 1951-ல் அஞ்சல் இலாகா இந்தியத் தபால் இலாகாவோடு இணைந்தது.

இதே காலத்தில் பிரிட்டிஷ் இந்தியத் தபாலும் சமஸ்தானத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நாகர்கோவில்காரர் ஒருவர் திருவனந்தபுரத்துக்கு எழுதினால் சங்குத் தலை போதும். திருநெல்வேலிக்கு எழுத வேண்டுமென்றால் இந்தியத் தலை வேண்டும், இந்தியத் தபாலாபீசுக்குப் போக வேண்டும். சங்குத் தலை ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் செல்லாது. ஒரே ஊரில் இரண்டு ஆபீஸ், இரண்டு பெட்டி, இரண்டு வகை நாணயக் கணக்கு. அஞ்சலில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம். இந்தக் கணக்கையெல்லாம் கோட்டாற்று வியாபாரிகள் மனதிலேயே போட்டிருப்பார்கள்.

ஆகவே எனக்கு ஒரு கார்டு கிடைத்தால் முதல் கேள்வி தலையைப் பற்றியது அல்ல. இவர் ஏன் இந்தப் பெட்டியில் போட்டார் என்பதுதான். பெரும்பாலும் விடை முகவரியிலேயே இருக்கும். விடை முகவரியில் இல்லாத கார்டு கிடைத்தால் அன்று தூக்கம் போச்சு.

இனி வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் கருவிகள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஸ்டாம்ப் இடுக்கி, துளை அளக்கும் கேஜ், கறுப்பு நிறத்தில் ஒரு சின்னத் தட்டு, புற ஊதா டார்ச், ஒரு ஸ்கேனர். இவ்வளவுதான். இதில் எல்லாரும் அலட்சியம் செய்வது கேஜை. இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை என்பதுதான் அந்த எண். திருவிதாங்கூர் தலைகளைத் திருவனந்தபுரத்தில் சர்க்கார் அச்சகமே அச்சடித்தது. துளையிடும் இயந்திரங்கள் பழசாகி, ஊசி ஒடிந்து, மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தன. அதனால் 12, 12½, 11 என்று பல அளவுகள் வரும். மேலும் கீழும் ஓர் அளவு, பக்கவாட்டில் வேறு அளவு என்று கலந்தும் வரும். நான்கு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் அளந்துவிட்டு ஆல்பத்தில் வைப்பது அளக்காமல் வைப்பதைவிட மோசம், ஏனென்றால் பிறகு அந்த எண்ணை நம்பிவிடுவோம்.

வாட்டர்மார்க்கிலும், அதாவது காகிதம் செய்யும்போதே அதற்குள் பதியும் நீர்க்குறியிலும், சங்குதான். 1888-ன் முதல் தலைகள் வெளிச்சத்தில் இணைகோடுகள் தெரியும் லெய்டு காகிதத்தில் அச்சானவை. அதில் தாள் முழுவதற்குமாக ஒரே பெரிய சங்கும், அதனுடன் அரசின் பெயர் பெரிய ஆங்கில எழுத்துகளிலும் நீர்க்குறியாக இருந்தன. அதாவது தாளில் உள்ள பல தலைகளில் குறியின் ஒரு துண்டுகூட விழாது. இது தெரியாமல் "வாட்டர்மார்க் இல்லாத பிழைத் தலை" என்று நம்பி வாங்குகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அது பிழை அல்ல. 1889-க்குப் பிறகு தலைக்குத் தலை சின்னச் சங்கு வந்தது. அந்தச் சங்கின் உருவமும் காலப்போக்கில் மாறியது. கேட்டலாக்குகள் அதை வைத்துத்தான் வரிசை பிரிக்கின்றன. கறுப்புத் தட்டில் தலையைக் கவிழ்த்து வைத்து ஒரு சொட்டு லைட்டர் திரவம் விட்டால் சங்கு எழும்பித் தெரியும். ஜன்னல் திறந்திருக்கட்டும், விளக்குச் சுடர் பக்கத்தில் வேண்டாம். சில மைகள் இந்தத் திரவத்தில் கரையக்கூடியவை என்பதால் முதலில் ஒரு கிழிந்த தலையில் சோதித்துவிடுங்கள். கார்டோடும் உறையோடும் ஒட்டியிருக்கும் தலைக்கு இந்த வேலையே வேண்டாம். தலையைப் பிரித்து வாட்டர்மார்க் பார்ப்பது, ஆளைப் பிடுங்கி எடுத்து முகவரி கேட்பது போல.

போலிகள் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். திருவிதாங்கூரில் விலை ஏறுவது பெரும்பாலும் பிழைகளுக்கு. துளையே இல்லாதவை, இரண்டு தலைக்கு நடுவில் துளை விடுபட்டவை, மேலச்சு, அதாவது அச்சான தலைமேல் பிறகு அடித்த எழுத்து, தலைகீழாக விழுந்தவை. 1906-ல் அரைச் சக்கரத் தலைமேல் கால் சக்கரம் என்றும் எட்டில் மூன்று சக்கரம் என்றும் மேலச்சு போட்டார்கள். கணக்குப் போட்டால் 4 காசும் 6 காசும். சீக்கிரமே 4 காசு, 6 காசு என்றே தனித் தலைகள் வந்துவிட்டன. 1911-லிருந்து சர்க்கார் கடிதங்களுக்கு ஆன் எஸ் எஸ் (On S S) என்ற மேலச்சு. 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானதும் சக்கரத் தலைகள்மேல் பை, அணா என்று மறுபடி ஒரு சுற்று மேலச்சு. அவசரத்தில் செய்த வேலை என்பதால் எழுத்துப் பிழை, தலைகீழ், இரட்டை அச்சு என்று உண்மையான பிழைகள் ஏராளம். உண்மை ஏராளமாக இருக்கும் இடத்தில்தான் பொய்யும் சுலபமாக நுழையும்.

துளை இல்லாத ஒற்றைத் தலையை வாங்கவே வாங்காதீர்கள். ஓரம் அகலமான தலையை எடுத்துத் துளையை வெட்டிவிடுவது கத்தரிக்கோல் உள்ள யாருக்கும் முடியும். ஜோடியாக, நடுவில் போதிய இடைவெளியோடு இருந்தால்தான் பேச்சு. பயன்படுத்திய தலையில் தலைகீழ் மேலச்சு இருக்கிறது என்றால் லென்ஸை முத்திரையும் மேலச்சும் குறுக்கே வெட்டும் இடத்தில் வையுங்கள். அசலில் முத்திரை மைதான் மேலே கிடக்கும், ஏனென்றால் தலை முதலில் அச்சகத்திலும் பிறகு அஞ்சலாபீசிலும் அடி வாங்கியது. மேலச்சின் மை முத்திரைக்கு மேலே ஓடினால் அது வீட்டில் செய்த பிழை. காகிதத்தைப் புற ஊதா விளக்கில் பாருங்கள். இன்றைய காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருப்பதால் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிரும். சமஸ்தானக் காலத்துக் கார்டு அப்படி ஒளிரக் கூடாது. ஒருமுறை ஓர் ஏல நிறுவனம் எனக்கு அனுப்பிய தலைகீழ் மேலச்சுத் தலையில் மேலச்சு எழுத்துகளின் ஓரம் வழுவழுவென்று கணினிப் பிரிண்டர் அச்சாக இருந்தது. எழுத்துக் கோத்து அடித்த மேலச்சில் காகிதம் கொஞ்சமாவது அமுங்கி, பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும். மூன்று கடிதம் எழுதிய பிறகு பணத்தைத் திருப்பினார்கள். திருப்பும் விதி இருக்கிறதா என்று பார்க்காமல் ஏலத்தில் கை தூக்காதீர்கள்.

இதெல்லாம் தலையைப் பற்றிய வேலை. எனக்கு ருசி முத்திரையில்.

பழைய இந்திய முத்திரைகளைப் படிப்பவர்கள் "கூப்பர் டைப்", "ரெனூஃப் டைப்" என்று எண் சொல்லிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பம்பாய் ஜால் கூப்பர் போன்றவர்கள் ஆயிரக்கணக்கான முத்திரைகளைப் பொறுமையாக வகை பிரித்து வைத்ததால் வந்த வசதி அது. உருவம், அளவு, எழுத்து, எந்த ஊர், முதலில் தெரிந்த தேதி, கடைசியாகத் தெரிந்த தேதி. இந்த ஆறும் ஒரு நோட்டில் இருந்தால் நீங்களும் அந்த வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். நான் முதலில் நோட்டில்தான் எழுதினேன், இப்போது ஸ்ப்ரெட்ஷீட். ஒவ்வொரு முத்திரையையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்வேன். ஒரே ஊரின் இரண்டு முத்திரைக் கட்டைகள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், அளந்தால் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். பழைய கட்டை தேய்ந்து புதுக்கட்டை எப்போது வந்தது என்பது அந்த அரை மில்லிமீட்டரில் இருக்கிறது. ஒரு ஊருக்கு ஒரு கார்டு போதும் என்று நினைக்கிறவர் இதைக் காணவே முடியாது. பத்து கார்டாவது வேண்டும், அதுவும் மலிவான கார்டுகளே போதும்.

தேதி படிக்கக் கொல்லம் ஆண்டு தெரிந்திருக்க வேண்டும். கார்டில் எழுதியவரும் கொல்லம் ஆண்டுதான் போடுவார், சர்க்காரும் அதில்தான் கணக்கு வைத்தது. ஆவணி பிறந்ததும் ஆண்டு மாறும். ஆங்கில ஆண்டு வர, ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி முடிய 825. முதல் தலைகள் வந்த 1888 அக்டோபர் கொல்லம் 1064. கார்டுக்குள் தமிழ் மாதத் தேதியும் முத்திரையில் மலையாள மாதத் தேதியும் ஒருநாள் இடித்தால் பயப்பட வேண்டாம். சூரியன் ராசி மாறும் நேரத்தை வைத்து முதல் தேதியைத் தீர்மானிப்பதில் இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் விதி வேறு. அதனால் சில மாதங்கள் ஒருநாள் முன்பின்னாகத்தான் பிறக்கும். போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இந்தக் கணக்கு கைவந்த பிறகு நான் தேடிய மாதம் 1099 ஆடி. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம் என்று சொல்வது 1924 ஜூலையில் வந்த அந்தப் பெருவெள்ளத்தைத்தான். மூணாறு முதல் குட்டநாடு வரை மூழ்கியது. கன்னியாகுமரிப் பக்கம் அடி அவ்வளவு இல்லை. அப்படியென்றால் இங்கிருந்து வடக்கே எழுதிய கார்டுகள் எங்கே நின்றன? நாகர்கோவிலில் குத்திய தேதியும் போய்ச் சேர்ந்த ஊரில் குத்திய தேதியும் ஒரே கார்டில் இருக்கும். சாதாரண மாதத்தில் அந்த இடைவெளி எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். அதற்காக 1098, 1100 கார்டுகளையும் சேர்த்தேன். வெள்ளத்து மாதக் கார்டு ஒன்றை வைத்துக்கொண்டு "தாமதம்" என்று தலைப்புப் போடுவது சுலபம். தாமதம் இல்லாத கார்டுகள் பக்கத்தில் இல்லாவிட்டால் அதற்கு அர்த்தம் இல்லை. ஆராய்ச்சி என்ற பெயரில் வரும் பல ஆல்பங்களில் இந்த இரண்டாவது பகுதி இருக்காது. அது பார்க்க அலுப்பாக இருக்கும் என்பதால்தான்.

கார்டில் எழுதியிருப்பதையும் படிக்க வேண்டும். நம்மவர்களே படிப்பதில்லை, இது எனக்கு எப்போதும் ஆச்சரியம். மேலே பிள்ளையார் சுழி, வியாபாரக் கார்டானால் பக்கத்தில் லாபம் என்று ஒரு வார்த்தை. நெல் விலை, தேங்காய் விலை, அனுப்பிய மூட்டைக்குச் சீட்டு வரவில்லை என்ற புகார். வெளிநாட்டு டீலர்களின் பட்டியலில் "மூலையில் கறை" என்று விலை குறைத்துப் போடும் கார்டுகளை நான் தேடி வாங்குவேன். அது கறை இல்லை, மஞ்சள். கல்யாணச் செய்தி. சாவுச் செய்தி கார்டுகள் மட்டும் கிடைக்கவே கிடைக்காது. படித்ததும் கிழித்துப் போடுவதுதான் வழக்கம், வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே ஒரு குடும்பத்தின் முப்பது வருஷக் கார்டுக் கட்டு கிடைத்து அதில் யாருமே சாகவில்லை என்றால் அந்தக் குடும்பம் அதிர்ஷ்டசாலி என்று எழுதிவிடக் கூடாது.

கட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கார்டுகள் கடையில் இருப்பதைவிடப் பரணில்தான் அதிகம். வீட்டைப் பிரிக்கும்போது பழைய பேப்பர்க்காரருக்குப் போகும். நான் பேப்பர்க் கடைக்காரர்கள் சிலரோடு பழக்கம் வைத்திருக்கிறேன். கிலோ விலைக்கு மேலே கொடுத்து எடுத்துக்கொள்வேன். சிலர் நல்லெண்ணத்தில் ஸ்டாம்பை மட்டும் கத்தரித்து உறையில் போட்டு வைத்திருப்பார்கள். பார்த்ததும் வயிறு எரியும். முத்திரை பாதி போச்சு, முகவரி போச்சு, தேதி போச்சு. உங்கள் வீட்டில் பழைய கடிதம் இருந்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள், பிரிக்காதீர்கள், தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். துருப்பிடித்த குண்டூசியை மட்டும் மெதுவாக எடுத்துவிடுங்கள்.

வீடுகளுக்குப் போய்க் கேட்கும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். நான் முதலில் விலை பேசுவதில்லை. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதியை வீட்டாருக்கே கொடுத்துவிடுவேன். "உங்க தாத்தா எழுதினது, படிச்சுப் பாருங்க. அப்புறம் கொடுக்கலாமா வேண்டாமான்னு சொல்லுங்க" என்பேன். பாதிப் பேர் படித்த பிறகு கொடுக்க மாட்டார்கள். பரவாயில்லை, எனக்கு வேண்டிய முத்திரையும் தேதியும் ஸ்கேனில் வந்துவிட்டது. கடன், வழக்கு, குடும்பச் சண்டை பற்றிய கார்டுகளை முகவரியோடு எங்கேயும் காட்டுவதில்லை. அந்தப் பெயர்கள் உள்ள பேரன்கள் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள்.

எழுபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட, சரித்திர மதிப்புள்ள கையெழுத்து ஆவணங்கள் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரக்கூடியவை. வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி எங்கள் ஊர்க்காரன் என்ற முறையில் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். காகிதத்துக்குக் காற்றின் ஈரமே எதிரி. பழுப்புப் புள்ளி விழும், பசை ஒட்டிக்கொள்ளும், வெள்ளிப்பூச்சி வரும். ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், மேலே கனம் ஏற்றாதீர்கள். சுவரோடு ஒட்டிய அலமாரி வேண்டாம். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கித் திரும்பப் போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறைகள் வருஷங்கள் போனதும் பிசுபிசுத்துத் தலையின் மையையே உரிக்கும். கொஞ்சம் விலை கூடினாலும் பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். வேப்பிலையும் பாச்சை உருண்டையும் ஆல்பத்துக்குள் போகக் கூடாது. இலை கறை விடும், உருண்டையின் ஆவி பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வம்பு செய்யும். அடைமழை நாளில் ஆல்பத்தைத் திறக்கும் ஆசை வந்தால் ஸ்கேனைப் பாருங்கள்.

அடுத்தது ஆவணம். கார்டுகள் மட்டும் பேசாது. திருவிதாங்கூர் சர்க்கார் வருஷா வருஷம் நிர்வாக அறிக்கை வெளியிட்டது, அதில் அஞ்சலுக்கு ஒரு பகுதி உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் பழைய கோப்புகள் இருக்கின்றன. அங்கே போகும்போது "அஞ்சல் பற்றி ஏதாவது" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ஓர் ஊர், ஓர் ஆண்டு, ஒரு கேள்வி என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். மலையாளம் படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த நண்பரோடு போங்கள், அல்லது நான் செய்தது போல அறுபதை நெருங்கும் வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகுங்கள். அந்த மொழி நம் காதுக்குப் பாதி தெரியும், கண்ணுக்குத்தான் பழக்கம் வேண்டும்.

கண்காட்சிக்கு அனுப்புவதைச் சிலர் வீண் பெருமை என்பார்கள். எனக்கு அது ஒரு பரீட்சை. பதினாறு பக்கம்தான் ஒரு சட்டகம். அந்தப் பதினாறுக்குள் என்ன சொல்ல வருகிறாய் என்பதை முடிவு செய்தே ஆக வேண்டும். சர்வதேச விதிப்படி நூறு மதிப்பெண்ணில் அமைப்புக்கும் முக்கியத்துவத்துக்கும் 30, அறிவுக்கும் ஆராய்ச்சிக்கும் 35, நிலைமைக்கும் அபூர்வத்துக்கும் 30, அழகாக ஒட்டி வைத்ததற்கு 5. பணம் உள்ளவர் நிலைமைக்கும் அபூர்வத்துக்கும் உள்ள அந்த 30-ஐ வாங்கலாம். 35-ஐ வாங்க முடியாது, அதற்கு உட்கார வேண்டும். ஒரு கண்காட்சியில் நடுவர் ஒருவர் என் கார்டுகளைப் பார்த்து "நிலைமை மோசம், ஓரம் மடிந்திருக்கிறது" என்று மதிப்பெண் குறைத்தார். தோவாளை முத்திரையில் இதைவிட நல்ல பிரதி இருந்தால் காட்டுங்கள், மாற்றிவிடுகிறேன் என்றேன். அவர் சிரித்தார், மதிப்பெண் மாறவில்லை. சரி, அது அவர் வேலை. ஆனால் அடுத்த முறை பக்கத்திலேயே "இதுவரை நான் கண்டவை இத்தனை" என்று ஒரு வரி எழுதி வைத்தேன். நடுவருக்கு ஒரு சட்டகத்துக்கு ஒதுக்க நேரம் கொஞ்சம்தான். அவர் கேட்கும் முன்பே பதில் அங்கே இருக்க வேண்டும்.

சங்கங்களில் சேருங்கள். சென்னையில் 1956 முதல் இருக்கும் தென்னிந்திய தபால்தலை சேகரிப்போர் சங்கம் மாதிரி இடங்களில் உங்களுக்கு வேண்டாத கார்டு இன்னொருவருக்கு வேண்டியிருக்கும். நானும் கோட்டயம், ஆலப்புழை முத்திரைகளை அப்படித்தான் மாற்றிக்கொண்டேன். கண்டதை எழுதி வெளியிடுங்கள், இரண்டு பக்கமானாலும் போதும். எழுதினால்தான் மறுப்பவர் வருவார். என் முத்திரை வரிசையில் பத்மநாபபுரத்தின் முதல் தேதியை ஒருவர் ஏழு வருஷம் முன்னால் தள்ளினார், தன் கார்டின் படத்தோடு. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

தலைகளிலும் எங்கள் ஊர் உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனசில்லை. 1939 நவம்பரில் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிறந்தநாளுக்கு வந்த வரிசையில் 7 சக்கரத் தலையில் கன்னியாகுமரி, 14 சக்கரத்தில் பேச்சிப்பாறை அணை. பத்து வருஷம் கழித்து அதே கன்னியாகுமரிமேல் மூன்று அணா என்று மேலச்சு விழுந்தது. அதற்கு முன் 1937-ல் ஆலயப் பிரவேசத்துக்காக நான்கு தலைகள். ஓர் அரசு தன் கோயில்களைத் திறந்ததைத் தபால்தலையில் போட்டது. அந்தத் தலை ஒட்டி யார் யாருக்கு என்ன எழுதினார் என்று தெரியும் உறைகள் எனக்கு வெறும் தலைகளைவிடப் பத்து மடங்கு வேண்டும்.

இப்போது என் மேசையில் இருப்பது செங்கோட்டை விவகாரம். வரைபடத்தைப் பாருங்கள். செங்கோட்டை திருவிதாங்கூர், நாகர்கோவிலும் திருவிதாங்கூர், நடுவில் தென்காசியும் திருநெல்வேலியும் பிரிட்டிஷ். செங்கோட்டைக்காரர் நாகர்கோவிலில் உள்ள மைத்துனருக்கு அஞ்சல் கார்டு போட்டால் அது நேர்வழியில் திருநெல்வேலி, ஆரல்வாய்மொழி என்று வருமா? சமஸ்தான எல்லைக்குள்ளேயே போக வேண்டுமானால் ஆரியங்காவுக் கணவாய் ஏறிக் கொல்லம், திருவனந்தபுரம் என்று சுற்றி வர வேண்டும், தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல். 1904-ல் செங்கோட்டை–கொல்லம் ரயில் வந்துவிட்டது, 1918-ல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கும் வந்தது. ஆனால் நாகர்கோவிலுக்கு ரயில் 1979-ல்தான். ஆகவே திருவனந்தபுரம் வரை ரயிலும் அதன்பின் சாலையும் என்பது என் ஊகம். ஊகத்தை நிறுவ இடைவழி முத்திரைகள் வேண்டும். பெரிய ஆபீஸ்களில் வந்ததும் போனதும் குத்துவார்கள், அது பெரும்பாலும் முகவரிப் பக்கத்தில் இருக்காது. டீலர்கள் முன்பக்கத்தை மட்டும் படம் போட்டு விற்கிறார்கள். அதனால் செங்கோட்டைக் கார்டு எது கண்ணில் பட்டாலும், விலை கேட்கும் முன்பே இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன்.